ஒத்திவைப்பு கேமரா தேர்ந்தெடுத்த வரலாறு

பொருள் வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் பல ரகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறவர் ஒரு ரகம். அடுத்த வீட்டில் என்ன வந்து இறங்கியதோ அதையே ஒரு அளவு பெரிதாகப் பார்த்து வாங்குகிறவர் இன்னொரு ரகம். கடைக்காரர் முகம் வாடக்கூடாதே என்று வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து யார் முகத்திலும் விழிக்க முடியாமல் தவிக்கிறவரும் உண்டு. பாவம், அவரை விட்டுவிடுவோம். இன்று நாம் பார்க்கப்போகிறவர் இவர்கள் யாரோடும் ஒட்டாதவர். இவர் வாங்குவதற்கு முன்னால் ஆராய்கிறார். ஆராய்ந்து முடித்ததும், ஆராய்ந்தது போதுமா என்று ஆராய்கிறார். அதற்குள் பொருளின் தேவை தீர்ந்துபோகிறது. சில சமயம் கடையே தீர்ந்துபோகிறது.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குக் கை நீளாது. இவருக்கு நன்றாகவே நீளும். நீண்டு, பொருளை எடுத்து, புரட்டி, அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை வெளிச்சத்தில் காட்டிப் படித்து, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிடும்.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. "பார்த்துச் சொல்றேன்" என்பார்கள். "இதைவிட நல்லதா ஒண்ணு இருக்கும்" என்பார்கள். "இன்னும் ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுட்டா போதும்" என்பார்கள். அந்த ஒரே ஒரு விஷயம் தெரிந்த மறு நிமிடமே அது குட்டி போட்டிருக்கும்.

நம்முடைய ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் தொடங்கும்போது குடை தேட ஆரம்பித்தார். கம்பி எஃகா அலுமினியமா, துணி ஒற்றையா இரட்டையா, காற்றில் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊரில் உள்ள குடைகளையெல்லாம் கரைத்துக் குடித்தார். அந்த மழைக்காலம் முழுக்க, நனைந்த சட்டையோடு அலுவலகத்துக்கு வந்து நின்று, குடை எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். குடை வந்து சேர்ந்தபோது தார்ச்சாலை உருகிக்கொண்டிருந்தது. புது வீட்டுக்குக் குடிபோனபோது ஜன்னல் திரை. துணியின் இழை, வெயிலில் வெளுக்கும் வேகம், தண்ணீரில் சுருங்கும் அளவு என்று அவர் தேடிக்கொண்டிருந்த காலத்தில், எதிர் வீட்டுக்காரர்கள் இவர்கள் குடும்பத்தோடு அப்படி ஒன்றிப்போய்விட்டார்கள். கடைசியில் ஒருநாள் திரை தொங்கியதும், எதிர் வீட்டு அம்மாள் வருத்தத்தோடு வந்து, "நாங்க ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமா?" என்று கேட்டாள்.

அவருக்கு ஒரு பெயிண்ட் கம்பெனியில் நிறம் சரிபார்க்கும் வேலை. நேற்று கலக்கிய வெள்ளைக்கும் இன்று கலக்கிய வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்குப் பெட்டிக்குள் அட்டைகளை வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நல்லவேளையாக, கடைசி முடிவை அங்கே ஒரு கருவி சொல்லிவிடும். அதனால்தான் கம்பெனி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீதிமன்றச் செய்திகளுக்கு மேலே பத்திரிகைக்காரர்கள் கொட்டை எழுத்தில் போடுவார்களே, 'தீர்ப்பு ஒத்திவைப்பு' என்று, அதையே கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டினார்கள். நாளடைவில் தீர்ப்பு உதிர்ந்துபோய் ஒத்திவைப்பு மட்டும் நிலைத்தது. நாமும் அப்படியே அழைப்போம். அவருக்கு அதில் கோபம் இல்லை. கோபப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அவர் மனைவி ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"என்னங்க, எனக்கு ஒரு கேமரா வேணும்."

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பகல் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருப்பவள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. குடியிருப்பின் பின்பக்கத்தில் ஒரு பழைய செங்கல் மதில் இருந்தது. பூச்சு உதிர்ந்து, ஈரம் ஏறி, பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடந்த மதில். மற்றவர்கள் அதன் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். அவள் அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். பாசிக்குள்ளே ஊசி முனையளவு வித்துக் குடுவைகள், கல்லிடுக்கில் எட்டுக் கண்ணோடு எட்டிப் பார்க்கும் தாவும் சிலந்தி, நகத்தளவு நத்தை, வரிசை கலையாத எறும்பு. "உள்ள ஒரு ஊரே இருக்கு" என்பாள். பொது நூலகத்தின் நூலகர் அம்மாள் இதைக் கேள்விப்பட்டு, மாடிக் கூடத்தில் ஒரு பக்கச் சுவரையே அவளுக்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். படங்களைக் கொண்டுவந்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அவள் பெயரில் எதுவும் எங்கும் மாட்டப்பட்டதில்லை. அந்த நினைப்பிலேயே அவள் நடையில் ஒரு துள்ளல் வந்திருந்தது.

இதற்கிடையே குடியிருப்புச் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. மதில் சாய்ந்துகொண்டிருக்கிறதாம். மழை விட்டதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம்.

"எப்படிப்பட்ட கேமரா?" என்று கேட்டார் ஒத்திவைப்பு. குரலிலேயே ஒரு பசி.

"சின்னதா இருக்கணும். பாக்கெட்ல போட்டுக்கற மாதிரி. ரொம்பக் கிட்டப் போய் எடுக்கணும். அவ்வளவுதான்."

"செல்போன்ல எடுத்தா என்ன?"

"கிட்டப் போனா மங்கிடுது. தள்ளி வந்தா சிலந்தி கடுகு மாதிரி தெரியுது. இடுக்குல வேற நுழைய மாட்டேங்குது. என் தம்பிகிட்ட சொன்னா நாளைக்கே ஒண்ணு வாங்கிட்டு வந்துடுவான்."

"உன் தம்பியா! அட்டைப்பெட்டி நல்ல கலரா இருந்தா உள்ளே செங்கல் இருந்தாலும் தூக்கிட்டு வருவான். நீ சும்மா இரு. நான் பார்த்துச் சொல்றேன்."

அவள் முகத்தில் ஓடிய கலவரத்தை அவர் கவனிக்கவில்லை.

அவளும்தான் சம்பாதிக்கிறாளே, தானே போய் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒருமுறை அப்படித்தான் ஒரு இஸ்திரிப்பெட்டியைத் தானே வாங்கி வந்தாள். அது இருந்த வரைக்கும் அந்த வீடு துக்க வீடாகவே இருந்தது. ஒத்திவைப்பு அதைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அவள் துணி தேய்க்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, வாங்கியிருக்க வேண்டிய இஸ்திரிப்பெட்டியின் குணங்களை, காலமான உறவினரைப் பற்றிப் பேசுவதுபோலத் தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் அவள் அதை யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

ஆகவே ஆராய்ச்சி தொடங்கியது.

முதலில், பாக்கெட் என்றால் என்ன? எந்தப் பாக்கெட்? சட்டைப் பாக்கெட்டும் கால்சட்டைப் பாக்கெட்டும் ஒன்றாகுமா? ஒத்திவைப்பு அளவுகோலை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். தன் உடுப்புகளை அளந்து முடித்துவிட்டு மனைவியின் உடுப்புகளுக்கு வந்தபோது ஒரு பேருண்மை அவருக்குப் புலப்பட்டது. "உன்னோடது எதுலயும் பாக்கெட்டே இல்லையே!" என்று கூவினார். இத்தனை வருஷமாக அவள் சாவியையும் சில்லறையையும் எங்கே வைத்துக்கொண்டிருந்தாள் என்று அவர் யோசித்ததே இல்லை.

"லேப் கோட்ல இருக்கு" என்று அவள் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் பரிசோதனை நிலையத்துக்கே அளவுகோலோடு வந்துவிட்டார். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, ஒரு மனிதர் தன் மனைவியின் கோட்டுப் பாக்கெட்டின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து, உள்ளே கையை விட்டுத் துணி எவ்வளவு இழுபடுகிறது என்றும் சோதித்தார். "எந்த டெஸ்டுக்கு இது?" என்று ஒரு நோயாளி பயந்த குரலில் கேட்டார்.

அடுத்தது சென்சார். கேமராவுக்குள்ளே படத்தை வாங்கிக்கொள்ளும் சில்லு. அது பெரிதாக இருந்தால் படம் தெளிவாக இருக்கும் என்று படித்தார். ஆக, சின்னக் கேமராவுக்குள் பெரிய சென்சார் வேண்டும். அப்படிப்பட்டவற்றைத் தேடித் தேடிப் பொறுக்கி, ஒன்றோடொன்று மோதவிட்டு, தோற்றவற்றைக் கழித்து, மிஞ்சியவற்றை மறுபடி மோதவிட்டுக் கொண்டிருக்கையில், எங்கோ ஒரு மூலையில் யாரோ எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. மிக அருகில் வைத்து எடுக்கும்போது, பெரிய சென்சாரில் கொஞ்சம்தான் கூர்மையாக விழும்; சிலந்தியின் கண் தெரிந்தால் கால் மங்கும்; அதற்குச் சின்ன சென்சாரே தேவலை.

அதாவது, அதுவரை கழித்துக்கட்டியவைதான் நல்லவை. வைத்துக்கொண்டவை கழிக்க வேண்டியவை.

நீங்களும் நானுமாக இருந்தால் சுவரில் முட்டிக்கொண்டிருப்போம். ஒத்திவைப்பு என்ன செய்தார் என்கிறீர்கள்? அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். "நல்லவேளை, வாங்காம இருந்தேன் பாரு!" என்று மனைவியிடம் ஓடினார். இந்த இனத்தின் அகராதியிலேயே மிக இனிமையான வாக்கியம் அதுதான்.

"சரி, அப்ப சின்ன சென்சார் இருக்கறதுல ஒண்ணை வாங்கிடுங்களேன்."

"எப்படி வாங்கறது? சிலது விரல் அகலத்துக்குக் கிட்டப் போகுது, ஆனா லென்ஸோட நிழலே பூச்சி மேல விழுதாம். அதுக்கு முன்னால சின்ன லைட் வெச்சிருக்கணும். சிலது தள்ளி நின்னே ஜூம் பண்ணுது, ஆனா கை ஆடுனா போச்சு. ஸ்கிரீன் மடங்கணுமா வேணாமா? நீ தரையில படுத்து எடுப்பியா, உட்கார்ந்து எடுப்பியா?"

"எடுத்தாப் போதும்ங்க."

அந்தப் பதிலை அவர் ஆராய்ச்சிக்கு உதவாததாகக் கருதி ஒதுக்கினார்.

வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளைப் படிப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஆயிரம் பேர் புகழ்ந்திருந்தால் அதைத் தாண்டிப் போவார். திட்டிய ஒருவனைத் தேடிப் பிடித்து அவன் காலடியில் உட்காருவார். ஒரு கேமரா எல்லாச் சோதனைகளிலும் தேறி, முடிவாகிவிடுமோ என்று பயப்படும் அளவுக்குப் போய்விட்டது. கடைசி நிமிடத்தில், முகம் தெரியாத ஒரு புண்ணியவான், 'அட்டைப்பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது' என்று எழுதியதைப் பார்த்து அதைக் கைகழுவினார். கூடவே ஒரு சிநேகிதமும் கிடைத்தது. எங்கோ தூர தேசத்தில் ஒருவர் இதே மாதிரிக் கேமராவைப் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவரும் எதையும் வாங்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் வெகுவாக மதித்தார்கள்.

பிறகு, நேரில் தொட்டுப் பார்க்காமல் எப்படி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனனையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கேமராக் கடைக்குப் போனார். மைத்துனன் வண்டி விற்பவன். எதையும் விற்பான், எதையும் வாங்குவான், இரண்டையும் ஒரே மூச்சில் செய்வான்.

"என்ன எடுக்கப்போறீங்க சார்? கல்யாணமா, டூரா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சிலந்தி."

கடைக்காரர் கண்ணாடிப் பேழையைத் திறந்தார். ஒத்திவைப்பு ஒவ்வொன்றாக எடுத்தார். தன் கட்டைவிரல் நகத்தைப் படம் பிடித்தார். சட்டைப் பொத்தானைப் பிடித்தார். மேசை மேல் கிடந்த மூக்குக்கண்ணாடியின் திருகாணியைப் பிடித்தார். ஒவ்வொன்றுக்கும் குணம், குற்றம் இரண்டையும் உரக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு இளம் தம்பதி காது கொடுத்தார்கள். குழந்தையை எடுக்க எது நல்லது என்று கேட்டார்கள். அவர் தயங்காமல் சொன்னார். அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு மலையேறி வந்தார், அவருக்கும் சொன்னார், அவரும் வாங்கினார். ஒரு நகைக்கடைக்காரர் கல்பதித்த மோதிரங்களைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும் என்றபோது ஒத்திவைப்பின் குரல் ஏறியது; அதுதானே அவருடைய சொந்தத் துறை. அவர் விளக்கிய அழகில் நகைக்கடைக்காரர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார். கடைக்காரர் ஒத்திவைப்புக்கு நாற்காலி போட்டார். காபி வரவழைத்தார். "சார் எந்தெந்த நாள் ஃப்ரீயா இருப்பீங்க?" என்று மெல்ல விசாரித்தார்.

கடை சாத்தும் நேரம் வந்தது. "அத்தான், நமக்கு?" என்றான் மைத்துனன்.

"நமக்கா? அவசரப்படாதே. இன்னும் ஒரே ஒரு விஷயம் மட்டும் பார்க்கணும்."

"ஊருக்கெல்லாம் பட்டுனு சொல்றீங்களே அத்தான்!"

"அது அவங்க கேமராடா."

அந்த வாரம் மழை விட்டது. மதிலின் மேல் யாரோ சிவப்பு பெயிண்டில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அது எந்தச் சிவப்பு என்று ஒத்திவைப்புக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மற்றபடி அதில் அவர் எதையும் படிக்கவில்லை. மனைவி சாப்பாட்டு மேசையில் அவர் எதிரே உட்கார்ந்து, மடிக்கணினியின் மூடிக்கு மேலே தெரிந்த அவருடைய நெற்றியைப் பார்த்துச் சொன்னாள்:

"குறி போட்டுட்டாங்க. பார்த்தீங்களா?"

"ம்."

"ஆள் வந்தா ஒரே நாள்ல இடிச்சுடுவாங்களாம்."

"ம். வர்ற மாசம் புது மாடல் ஒண்ணு வருதாம். அது வந்தா இப்ப இருக்கறது எல்லாமே பழசு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"மதில் பொறுக்குமா?"

அவள் எழுந்து கீழே போய்விட்டாள்.

இரண்டொரு நாளில், மேசை மேல் ஒரு சின்னக் கேமரா கிடப்பதை அவர் பார்த்தார். வெள்ளி நிறம் தேய்ந்து, பேட்டரி மூடி நிற்காமல் மருந்துக் கடைப் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தது.

"இது யாரோடது?"

"கீழ் வீட்டுப் பல் டாக்டரம்மாவோடது. பல்லை எடுக்க வெச்சிருந்தாங்களாம். புதுசு வந்துட்டதால இது சும்மா கிடக்குதுன்னாங்க."

ஒத்திவைப்பு அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினார். பின்பக்கம் பார்த்தார். அடியில் படித்தார். சிரித்தே விட்டார். "இதுல மெகாபிக்சலே கிடையாது. ஸ்கிரீன் தீப்பெட்டி மாதிரி இருக்கு. சாயங்கால வெளிச்சத்துல எடுத்தா புள்ளி புள்ளியா வரும். இதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் எடுக்க முடியாது."

"அப்படியா?" என்றாள் அவள்.

"நீ எதையாவது எடுத்துப் பார்த்து மனசு விட்டுடாதே. அதுக்குத்தான் சொல்றேன்."

"சரிங்க."

அன்றிலிருந்து அவள் விடிந்ததும் கீழே இறங்கிவிடுவதும், முழங்காலெல்லாம் மண்ணோடு ஏறி வருவதும், வேலைக்குத் தாமதமாக ஓடுவதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. பூந்தொட்டிக்கு மண் எடுக்கிறாள் என்று நினைத்தார். அவர் தலைக்குள் அப்போது வேறெதற்கும் இடம் இல்லை. இறுதிப் போட்டியில் இரண்டே இரண்டு கேமராக்கள் நின்றுகொண்டிருந்தன.

ஒரு பிற்பகல், அலுவலகத்தில் அட்டைகளை விளக்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று முடிவு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தும்மல் வருவதுபோல வந்தது. "முடிவு பண்ணிட்டேன்!" என்று கத்தினார். பக்கத்து மேசைக்காரர் கையில் இருந்த தூரிகையைப் போட்டுவிட்டார். இரண்டு பேர் வந்து கை குலுக்கினார்கள். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கடைக்குப் பறந்தார்.

"அந்த மாடலா?" என்றார் கடைக்காரர், நாற்காலியைத் துடைத்துப் போட்டபடி. "அதை நிறுத்திட்டாங்களே சார். கடைசியா இருந்த ரெண்டைத்தான் அன்னிக்கு நகைக்கடைக்காரர் எடுத்துட்டுப் போனார். நீங்கதானே சொல்லி வாங்க வெச்சீங்க?"

வெறுங்கையோடு அவர் வீடு திரும்பியபோது, குடியிருப்பின் பின்பக்கம் புழுதியாக இருந்தது. மதில் இருந்த இடத்தில் ஆகாயம் இருந்தது. செங்கல் குவியலாகக் கிடந்தது. ஆட்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒத்திவைப்பு ஸ்கூட்டரை நிறுத்தினார். எத்தனையோ நாள் நிறுத்திய இடம்தான். ஒரு செங்கல் கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்துத் திருப்பினார். ஒரு பக்கம் முழுக்கப் பச்சை, வெல்வெட் மாதிரி. அதற்குள் என்னவோ ஊர்ந்தது. என்ன என்று பார்க்கக் கண்ணருகே கொண்டுபோனார். அது இடுக்கில் போய் ஒளிந்துகொண்டது. மனைவியிடம் மேலே போய் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. செங்கல்லைப் பச்சை மேலே தெரியும்படி வைத்துவிட்டு, வழக்கமாக லிப்டில் போகிறவர் அன்று படியேறிப் போனார்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இடிச்சுட்டாங்க" என்றார்.

"ஆமா. நானும் நின்னு பார்த்தேன்."

"நான் இன்னிக்கு முடிவு பண்ணிட்டேன். ஆனா அது..." வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னாலதான். உனக்கு ஒரு படம்கூட இல்லாமப் போச்சு."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு வாக்கியத்தை அவரிடமிருந்து அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய், நூலகத்தில் அச்சடித்த அழைப்பிதழைக் கொண்டுவந்து நீட்டினாள். 'மதிலுக்குள் ஓர் ஊர்' என்று போட்டு, கீழே அவள் பெயர் இருந்தது.

அவருடைய முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதில் சந்தேகமே இல்லை. கண்கூட லேசாகக் கலங்கியது. அடுத்து வந்தது என்ன என்பதை நான் சொல்ல வேண்டுமா?

"எந்தக் கேமராவுல?"

"பல்லு கேமரா. அதுல பூப் படம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கு. அதை அமுக்கினா கிட்டப் போகும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அமுக்கினேன். போச்சு."

"அதுல எப்படி..." என்று தொடங்கியவர், அவள் பார்வையைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

கண்காட்சி அன்று நூலக மாடியில் நல்ல கூட்டம். ஒத்திவைப்பு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். முதல் படத்தின் முன்னால் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போன பாசி, தெருவிளக்குக் கம்பங்களாக வரிசை கட்டி நின்றது. ஒவ்வொரு கம்பத்தின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். சிலந்தியின் கண்களில் எதிர்க் கட்டிடத்து ஜன்னல்கள் தெரிந்தன. நத்தை ஓட்டின் விளிம்பில் ஒரு எறும்பு, மலையுச்சியில் நின்று யோசிப்பதுபோல நின்றது. பெருமையில் அவருக்கு நெஞ்சு விம்மியது. விம்மிய நெஞ்சு சும்மா இருக்குமா? யாரோ ஒருவர் வந்து, "அருமையா இருக்கே, என்ன கேமரா?" என்று கேட்கவும், "உண்மையில பார்த்தா இதுக்கு வேற கேமரா வாங்கியிருக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டார். கேட்டவர் சிலந்தியைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

கடைசிப் படத்தின் முன்னால் ஒரு கும்பல் நின்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தது. கறுப்பும் வெளுப்புமாகக் குச்சி குச்சியாக எதுவோ முளைத்த ஒரு சரிவு. நடுவே குழி. குழியின் ஓரத்தில் ஒரு பெரிய பாறை. தீப்பிடித்து அணைந்த காடு என்றார் ஒருவர். கள்ளிச்செடியின் தண்டு என்றாள் ஒரு பெண்.

"அத்தான், நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்றான் மைத்துனன், என்னவோபோலச் சிரித்துக்கொண்டு.

ஒத்திவைப்பு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கிட்டப் போனார், தள்ளி வந்தார், தலையைச் சாய்த்தார். "இது ஒரு வகைப் பூஞ்சை. மதிலோட ஈரமான பக்கத்துல வந்திருக்கு. பாறை மாதிரி இருக்கறது சுண்ணாம்புத் துணுக்கு. ஆனா பாருங்க, கூர்மை விழுந்த இடம் தப்பு. ஓரமெல்லாம் மங்கல். வெளிச்சம் ஒரே பக்கத்துலேர்ந்து நீலமா வருது. இந்தத் தொகுப்புலயே பலவீனமான படம் இதுதான். இதை வெச்சிருக்கவே வேண்டாம்."

பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"அது உங்க மோவாய்."

அவர் கை தானாக மேலே போனது.

"பாறை, ரொட்டித் துணுக்கு" என்றாள் அவள். "நீல வெளிச்சம் உங்க கம்ப்யூட்டரோடது. மதில்ல எல்லாம் எடுத்து முடிஞ்சுது, இடிக்கறதுக்குள்ள இன்னும் ஒண்ணு எடுக்கலாமேன்னு தோணுச்சு."

சிரிப்பு எழுந்து அடங்கும்வரை அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "எவ்வளவு கிட்ட வந்தே?"

"ஒரு விரல் தூரம். என் மூச்சு உங்க மேல பட்டிருக்கும்."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"எப்படித் தெரியும்? எந்தக் கேமரா ரொம்பக் கிட்டப் போகும்னு படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

கூட்டம் கலைந்து மற்றப் படங்களுக்குப் போனது. அவர் அவள் கையிலிருந்த அந்தப் பழைய கேமராவை வாங்கினார். பின்பக்கம் புரட்டவில்லை, அடியில் படிக்கவில்லை. பூப் படம் போட்ட பட்டனை அமுக்கிவிட்டு, அவளுடைய இடது கையை, வெங்காயம் நறுக்கும்போது கத்தி பட்டு ஆறிய சின்ன வெட்டுக்காயத்தை, ஒரு விரல் தூரத்தில் வைத்து எடுத்தார். கை ஆடிவிட்டது. படம் மங்கலாக வந்தது. "பரவாயில்லை, இருக்கட்டும்" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை மைத்துனன் காதாரக் கேட்டதாக இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

மனிதர் திருந்திவிட்டார் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் வெளியே வந்து படியிறங்கும்போதே, "இதுக்கு ஒரு சின்ன லைட் மட்டும் இருந்தா..." என்று ஆரம்பித்தார். மனைவி ஒரு பக்கமும் மைத்துனன் மறு பக்கமுமாகப் பிடித்து அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இதைப் படிக்கத் தொடங்கும் முன்னால், எவ்வளவு நீளம், இதைவிட நல்லது வேறு பக்கத்தில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தீர்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் சொந்த விஷயம். ஆனால் நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் தலையைத் தூக்காமலே "ம்" என்றீர்கள். என்ன கேட்டார்கள் என்று நினைவிருக்கிறதா?